டைவிங் முடிந்து தோலில் தடிப்பா? க்ரீம் தேடும் முன் பார்க்க வேண்டியவை

எங்களிடம் டைவிங் செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் முதலில் மீன் படம் அனுப்புவார்கள். அப்புறம் முழங்கை, கழுத்து, இடுப்பு, தொடை என்று படம் வர ஆரம்பிக்கும். "அண்ணா, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க. ஜெல்லிமீனா?"

நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன். எங்கள் பக்கம் ஜெல்லிமீனைச் சொறி என்போம். வலையில் சொறி ஏறினால் கை எப்படி எரியும் என்பது சின்ன வயதிலேயே பழகிய விஷயம். இப்போது அந்தமானில் ஹேவ்லாக் தீவில் டைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். 2018-இல் அதற்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான். நான் மருத்துவன் இல்லை, மருந்து எழுதுவது என் வேலையும் இல்லை. ஆனால் உங்களோடு தண்ணீருக்குள் இருந்தவன். நீங்கள் எந்தக் கயிற்றைப் பிடித்தீர்கள், எதில் முட்டி போட்டீர்கள், சூட்டை (டைவிங்குக்குப் போடும் ரப்பர் உடை) எப்போது கழற்றினீர்கள் என்பது எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் தோல் மருத்துவருக்கு அது தெரியாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

படம் வந்ததும் நான் திருப்பிக் கேட்பது மூன்று. தடிப்பு வந்த இடம் சூட்டுக்குள் இருந்ததா, வெளியே இருந்ததா? தண்ணீரிலேயே எரிந்ததா, மேலே வந்த பிறகா, மறுநாளா? கோடாக இருக்கிறதா, புள்ளிகளா, திட்டா, வலைபோலப் படர்ந்திருக்கிறதா? இவற்றுக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

காத்திருக்கக் கூடாத தடிப்பு

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற பெரும்பாலானவற்றுக்கு நாளைக்குப் போனாலும் பரவாயில்லை.

மேலே வந்த சில நிமிடங்களிலோ சில மணி நேரத்துக்குள்ளோ வயிறு, மார்பு, முதுகு, புட்டம், தொடை, மேல்கை என்று சதைப்பிடிப்பான இடங்களில் அரிப்போ எரிச்சலோ தொடங்கும். பிறகு தோல் சிவந்து, ஊதாவும் நீலமும் கலந்து, சலவைக்கல்லில் ஓடும் வரிகள்போலப் படரும். தொட்டால் வலிக்கலாம். சவுக்கால் அடித்தது போன்ற கோடோ, கொப்புளமோ, துருத்திய புள்ளிகளோ இருக்காது. முழுநீள சூட் போட்டிருந்தாலும் அதற்குள்ளேயே வரும். இது எதுவும் கடித்ததால் வந்ததல்ல. ஆழத்தில் சுவாசித்த காற்றிலிருந்து உடலில் கரைந்த நைட்ரஜன், மேலே ஏறும்போது குமிழாகிச் செய்கிற வேலை. டைவர்கள் இதை ஸ்கின் பெண்ட்ஸ் என்பார்கள்.

தோலில்தானே என்று விட்டுவிடக் கூடாததற்குக் காரணம் இருக்கிறது. இதோடு சேர்ந்து தலைசுற்றல், பார்வை மங்கல், கை கால் மரத்துப்போதல், காரணமில்லாத அசதி ஆகியவையும் வரலாம். அவை மூளையையும் தண்டுவடத்தையும் பற்றிய செய்தி. இன்னொன்று: கருவில் இருக்கும்போது இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு திறப்பு இருக்கும். அது ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு முழுதாக மூடாமலே போகிறது. பெரும்பாலோர்க்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்த வலைத் தடிப்பு வருகிறவர்களிடம் அந்தத் திறப்பு அதிகமாகக் காணப்படுகிறது. அதனால்தான் ஆழமும் நேரமும் கணக்கிடும் கருவியான டைவ் கம்ப்யூட்டர் சொன்ன எல்லைக்குள்ளேயே இறங்கி ஏறியவருக்கும் இது வந்துவிடுகிறது. "நான் எந்த விதியையும் மீறவில்லையே" என்று வாதாடிப் பயனில்லை.

செய்ய வேண்டியது: உடனே உங்கள் டைவ் சென்டருக்குச் சொல்லுங்கள். 100 சதவீத ஆக்ஸிஜன் கொடுப்பதுதான் முதலுதவி. முறையாக நடக்கும் எந்த சென்டரிலும் அந்த சிலிண்டர் இருக்கும். படுத்திருங்கள். தெளிவாக இருந்தால் தண்ணீர் குடிக்கலாம். வெந்நீரில் குளிக்காதீர்கள், தேய்த்துவிடச் சொல்லாதீர்கள், அடுத்த டைவுக்கு இறங்காதீர்கள், விமானம் ஏறாதீர்கள். ஆக்ஸிஜன் கொடுத்ததும் தடிப்பு மறைந்துவிடலாம். மறைந்தாலும் டைவிங் மருத்துவம் தெரிந்தவர் பார்த்தே ஆகவேண்டும். அழுத்த அறை சிகிச்சை (மூடிய அறையில் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழைக் கரைப்பது) தேவையா என்பதை அவர்தான் முடிவு செய்வார். எங்களுக்கு அந்த வசதி போர்ட் பிளேர் கடற்படை மருத்துவமனையில். ஹேவ்லாக்கிலிருந்து படகில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். வெளிநாட்டில் இருந்தால் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அவசர எண்ணை அழைக்கலாம். 1980-இலிருந்து இதற்காகவே இயங்கும் அமைப்பு அது. அதன் எண்ணைப் பயணத்துக்கு முன்பே போனில் ஏற்றி வையுங்கள்.

சென்னைக்குக் காலை விமானம் பிடிக்கும் அவசரத்தில் இதை வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பியவர் ஒருவரைப் படகுத்துறையிலேயே நிறுத்தியிருக்கிறோம். அவருக்குக் கோபம் வந்தது. வரட்டும். விமானத்துக்குள் அழுத்தம் 2,400 மீட்டர் உயர மலைமேல் இருக்கும் அளவுக்குக்கூடக் குறையும். குமிழ் இன்னும் பெரிதாகும். எந்தத் தடிப்பும் இல்லாதவர்கள்கூட ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும்.

சூட்டுக்கு வெளியே இருந்த இடம்

ஹேவ்லாக் கடல் வெதுவெதுப்பானது. அதனால் பலரும் கை கால் பாதி தெரிகிற ஷார்ட்டி சூட்டோடு இறங்குகிறார்கள். முன்கை, விரலிடுக்கு, முழங்கால், கெண்டைக்கால் ஆகிய இடங்களில் தடிப்பு என்றால் என் முதல் சந்தேகம் ஜெல்லிமீன் மேல் அல்ல, கயிற்றின் மேல்.

மேலே வருவதற்கு முன் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்போம் அல்லவா, சேஃப்டி ஸ்டாப்? மிதப்பைச் சமாளிக்கத் தெரியாதவர்கள் அப்போது படகின் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். நாள்பட தண்ணீரில் கிடக்கும் கயிற்றில் சின்னச் சின்ன இறகு நட்டுவைத்தது போல ஒன்று வளர்ந்திருக்கும். பார்த்தால் பாசி என்று தோன்றும். அது செடியில்லை, ஹைட்ராய்டு என்னும் உயிரி. ஜெல்லிமீனுக்கு உறவு, அதே கொட்டும் செல்கள். உள்முன்கையிலும் விரலிடுக்கிலும் புள்ளிபுள்ளியாகத் தடித்து வந்தால் பெரும்பாலும் இதுதான்.

முழங்காலிலும் கெண்டைக்காலிலும் எரிகிறதென்றால் நெருப்புப் பவளத்தை நினைக்கலாம். கடுகு மஞ்சளோ பழுப்போ, நுனி மட்டும் வெள்ளை. பெயரில்தான் பவளம்; இதுவும் ஹைட்ராய்டின் பங்காளி. தொட்ட சில நிமிடங்களில் சுரீர் என்று எரியும், பிறகு தடிக்கும், மறுநாள் அரிப்பு பிடுங்கும். பயப்பட வைப்பது இதற்கு அப்புறம் வருவது: எல்லாம் அடங்கி ஒரு வாரம் கழித்து, அதே இடத்தில் அதே வடிவத்தில் திரும்பவும் கிளம்பலாம். ஊரில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று வருவதால் யாருக்கும் கடல் ஞாபகம் வராது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று முட்டையை நிறுத்திவிடுவார்கள். புதிதாக எதுவும் கொட்டவில்லை. உடல் பழைய விஷத்துக்குத் தாமதமாகக் காட்டும் எதிர்ப்பு அது.

உண்மையிலேயே ஜெல்லிமீன் என்றால் உங்களுக்குச் சந்தேகமே இருக்காது. பட்ட நொடியில் வலிக்கும். இழை பட்ட வழியெல்லாம் சவுக்கடித் தழும்புபோலக் கோடு விழும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ வாந்தி வந்தாலோ தோலை மறந்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கொட்டினால் என்ன செய்வது? கடல் தண்ணீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீரால் அல்ல. தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டு செல்களை நல்ல தண்ணீர் வெடிக்க வைத்துவிடும். துண்டால் துடைப்பது, மணல் போட்டுத் தேய்ப்பது எல்லாம் அதே வேலையைச் செய்யும். ஒட்டியிருக்கும் இழையைச் சாமணத்தால் எடுங்கள். ஹைட்ராய்டு, நெருப்புப் பவளம், பெட்டி வடிவ ஜெல்லிமீனான பாக்ஸ் ஜெல்லி ஆகியவற்றுக்குச் சமையல் வினிகர் ஊற்றலாம். மளிகைக்கடைப் பாட்டிலில் 4 சதவீதம் அசெட்டிக் அமிலம் என்று போட்டிருந்தால் போதும். ப்ளூபாட்டில் என்னும் நீலப் பை கொண்ட சொறிக்கு மட்டும் வினிகர் வேண்டாம் என்று ஆஸ்திரேலிய முதலுதவி வழிகாட்டிகள் சொல்கின்றன, அதற்கு வெந்நீர்தான். 45 டிகிரி, அதாவது தாங்கக்கூடிய சூடு, 20 நிமிடம். தண்ணீரின் சூட்டைக் கொட்டு வாங்காதவர் கை வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எரிகிற தோலுக்கு சுடுவதும் தெரியாது. சிறுநீர் வைத்தியத்தை டிவியில் பார்த்தவர்கள் இன்னும் கேட்கிறார்கள். வேண்டாம்.

பவளத்தில் சிராய்த்தது தனி விஷயம். சோப்பும் சுத்தமான தண்ணீரும் போட்டு, வலித்தாலும் துகள் போகும்வரை கழுவ வேண்டும். சும்மா விட்டால் வாரக்கணக்கில் ஆறாது. சுற்றிலும் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவர். சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் உள்ளவர்கள் இதில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். கடல் தண்ணீரில் வாழும் சில விப்ரியோ பாக்டீரியாக்கள் அவர்களிடம் மிக வேகமாகப் பரவும். காயம் ஆறிய இடத்தில் சில வாரம் கழித்து வலியில்லாத கட்டி வந்து, சாதாரண ஆன்டிபயாட்டிக்குக் கேட்கவில்லை என்றால், கடலில் சிராய்த்த கதையை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் மரைனம் அப்படித்தான் மெதுவாக வரும். அதற்குச் சிகிச்சையே வேறு, மாதக்கணக்கில் மருந்து.

சூட்டுக்கு உள்ளே

கழுத்துப் பட்டி, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, நீச்சலுடைப் பட்டையின் கீழே. அதாவது துணி இறுக்கிய இடத்தில் மட்டும் சிவப்புப் புள்ளிகள், வெளியே தெரிந்த தோல் சுத்தமாக இருக்கிறது என்றால் நாள் கணக்கைப் பாருங்கள்.

கடலில் இருக்கும்போதே சுருக்கென்று குத்தி, அன்றைக்கோ மறுநாளைக்கோ வந்தால் அது கடல் லார்வா. சில ஜெல்லிமீன்களின் கண்ணுக்கே தெரியாத குஞ்சுகள் துணிக்கும் தோலுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். துணி அழுத்தும்போதும் நல்ல தண்ணீர் படும்போதும் கொட்டும். கரீபியன் கடலிலும் ஃபுளோரிடாவிலும் இது பருவம்தோறும் வரும் தொல்லை. அங்கே தொப்பி ஜெல்லி என்னும் ஒரு வகையின் குஞ்சுகள்தான் காரணம். படகிலிருந்து இறங்கியதும் சூட்டோடு நேராக ஷவருக்குள் நிற்பதுதான் எல்லாரும் செய்வது, அதுதான் கூடாது. முதலில் சூட், உள்ளாடை எல்லாவற்றையும் கழற்றுங்கள், அப்புறம் குளியுங்கள். துணி காய்ந்தாலும் கொட்டு செல்கள் சாவதில்லை. சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் அலசாமல் அந்த நீச்சலுடையைத் திரும்பப் போட்டால் தடிப்பும் திரும்ப வரும்.

ஒன்றிரண்டு நாள் கழித்து, மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் சின்னச் சீழ்ப்பருவாக வந்தால் ஈரச் சூட்டில் குடியிருக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா. முதுகும் புட்டமும் அதற்குப் பிடித்த இடம். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே அடங்கிவிடும். வாடகைச் சூட்டை வாங்கும்போது உள்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் வேறு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். சூட்டுக்குள் சிறுநீர் கழிக்காத டைவர் இல்லை என்பது எங்கள் தொழிலின் பழைய நகைச்சுவை, அதில் நிறைய உண்மையும் உண்டு. ஆழத்தில் அழுத்தமும் குளிரும் சேர்ந்து சிறுநீரை அதிகம் சுரக்க வைக்கும். அந்தச் சூட்டோடு அடுத்த டைவுக்கு இரண்டு மணி நேரம் படகில் உட்கார்ந்தால் குழந்தைக்கு டயப்பரில் வருவது உங்களுக்கும் வரும். சூட்டின் ஜிப்பைத் திறந்து கடல் தண்ணீரைப் பாய்ச்சிவிடுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

மூன்றாவது வகை ஒவ்வாமை. சூட் தைக்கும் நியோபிரீன் ரப்பரை உருவாக்கும்போதும் ஒட்டும்போதும் சேர்க்கும் தயோயூரியா வகை வேதிப்பொருள்கள் சிலருக்கு ஆகாது. சூட் முடியும் மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து ஆகிய இடங்களில் எல்லைக்கோடு போட்டாற்போல வரும். தொட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். ஒவ்வொரு பயணத்திலும் முன்னைவிட மோசமாக வரும். இந்தக் கடைசி அடையாளம் முக்கியம். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்ப்பது) செய்தால் எந்தப் பொருள் என்று தெரியும். அதுவரை உள்ளே முழுக்கை லைக்ரா போட்டுக்கொண்டு இறங்குங்கள். கழுத்தில் மட்டும் சிவந்து எரிந்தால் இவ்வளவு தூரம் யோசிக்க வேண்டாம், உரசல்தான். அடுத்த முறை கொஞ்சம் வாசலின்.

முகத்தில் மாஸ்க் இருந்த வட்டத்துக்குள் செம்புள்ளிகளும், கண்வெள்ளையில் ரத்தச் சிவப்பும் வந்தால் பார்ப்பவர்கள்தான் அலறுவார்கள். இறங்கும்போது மூக்கால் மாஸ்க்குக்குள் காற்று விடாததால் அது உறிஞ்சி நுண்குழாய்கள் உடைந்திருக்கின்றன. பார்வை சரியாக இருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். பார்வையில் கோளாறோ கடும் வலியோ இருந்தால் கண் மருத்துவர்.

கடல்மேல் பழி போடாதீர்கள்

டைவிங் பயணத்தில் டைவிங் நடப்பது நாளுக்கு இரண்டு மணி நேரம். மீதி நேரமெல்லாம் மணலிலும் வெயிலிலும் ஓட்டலிலும். எனக்கு வரும் படங்களில் நல்ல பங்கு அங்கிருந்து வந்தவைதான்.

ஹேவ்லாக் கடற்கரையின் மணல் ஈக்கள் பேர் போனவை. காலையிலும் மாலையிலும் மணலில் உட்கார்ந்தால் கணுக்காலைக் கண்டபடி கடிக்கும். கடிக்கும்போது தெரியாது, மறுநாள் தூக்கம் போகும். கால்களுக்குத் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு நடப்பது உள்ளூர் வழக்கம். பாதத்திலோ புட்டத்திலோ புழு ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து ஒரு கோடு, அது நாளுக்கு நாள் நீளுகிறது என்றால், உண்மையிலேயே புழுதான். நாய் எச்சம் கலந்த மணலிலிருந்து ஏறிய கொக்கிப்புழுக் குஞ்சு. மாத்திரையில் சரியாகிவிடும், சுரண்டாதீர்கள்.

மலேரியாவுக்கு முன்னெச்சரிக்கையாகவோ முகப்பருவுக்காகவோ டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறீர்களா? மூக்கும் புறங்கையும் வழக்கத்தைவிடக் கருகிச் சிவந்தால் அந்த மாத்திரையும் வெயிலும் கூட்டாளிகள். இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகி, தலைவலியும் படபடப்பும் வந்தால் தட்டில் சூரை மீனோ கானாங்கெளுத்தியோ இருந்ததா என்று யோசியுங்கள். ஐஸில் சரியாக வைக்காத மீனில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு பொரித்தாலும் அது அழியாது. ஒரே மேசையில் சாப்பிட்ட இரண்டு பேருக்கு வந்தால் அநேகமாக இதுதான்.

ஊர் போய்ச் சேர்ந்தபின் தொடையிடுக்கில் வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து வருவது படர்தாமரை. ஈர ஷார்ட்ஸோடு நாள் முழுக்கத் திரிந்ததன் பலன். மருந்துக்கடையில் கேட்டால் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த ஒரு ட்யூபை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், பிறகு மருத்துவருக்கே அடையாளம் தெரியாத வடிவத்தில் திரும்பும். இந்தியாவில் சில ஆண்டுகளாகவே மருந்துக்கு எளிதில் பணியாத படர்தாமரை பரவிக்கொண்டிருக்கிறது. கொட்டியதற்கும் உரசியதற்கும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன், செட்டிரிசின் மாத்திரை, கலமைன் போதும். பூஞ்சையோ சீழோ என்று சந்தேகம் இருந்தால் எந்த ஸ்டீராய்டையும் தொடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது கடைசி டைவின் தேதி, நேரம், ஆழம், எத்தனை டைவ், சூட் முழுசா அரையா, சொந்தமா வாடகையா, எந்த மருந்து ஏற்கெனவே தடவினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டைவ் கம்ப்யூட்டர் இருந்தால் அதையும் எடுத்துப் போகலாம். தடிப்பு வந்த முதல் நாளே படம் எடுத்து வையுங்கள், அப்புறம் தினம் ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். ஓட்டல் அறையின் மஞ்சள் பல்பில் எடுத்து எனக்கு அனுப்பினால் சலவைக்கல் தடிப்பும் மணல் ஈக் கடியும் ஒரே நிறத்தில்தான் தெரிகின்றன.